நரம்பு கிடைக்கவில்லையா, சிஸ்டர்?

மருத்துவமனையில் படுத்திருப்பவர்கள் சிரை என்றோ ரத்தக்குழாய் என்றோ சொல்வதில்லை. கையில் ஊசி ஏற்றுவதற்காக நாங்கள் தேடுவது அவர்களுக்கு நரம்புதான். இரண்டும் வேறு வேறு என்று படித்துத் தேர்வெழுதிய நாங்களும் வார்டுக்குள் வந்ததும் அதே சொல்லுக்குப் பழகிவிடுகிறோம். செவிலியராகப் பணியில் சேர்ந்த ஆறாம் ஆண்டில், ஒரு நாள் காலையில், காய்ச்சலில் உடல் வறண்டு படுத்திருந்த ஒரு மூதாட்டியின் முன்கையில் கானுலா என்ற மெல்லிய குழாயை ஏற்ற இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தவறவிட்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளாமல், "நரம்பு கிடைக்கலையா, சிஸ்டர்?" என்று கேட்டார். குறை அவருடைய கையில் இல்லை, என் விரலில் இருந்தது.

சிரையைக் கண்ணால் தேடுவதை விட விரலால் தேடுவதே நம்பகமானது. கையை இறுக்கும் டூர்னிகே பட்டையைக் கட்டியபின் ஆள்காட்டி விரல் நுனியால் மெல்ல அழுத்தி எடுத்தால், ரத்தம் நிறைந்த சிரை மேலெழும்பி விரலைத் தள்ளும், தசைநாண் விறைப்பாகக் கிடக்கும், தமனி துடிக்கும். ஓரிரு ஆண்டுகளில் கைக்கு வந்துவிடும் இந்த வேறுபாடு அன்று எனக்குத் தெரியவில்லை. கையுறைக்கு மேல் இன்னொரு கனத்த கையுறையை மாட்டியிருப்பதைப் போல, வலக்கையின் இரண்டு விரல்கள் நான்கு நாள்களாக மரத்துக் கிடந்தன. கையை மடித்து வைத்து உறங்கியதால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை முயன்றும் முடியாவிட்டால் வேறொருவரை அழைக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் விதி. அழைத்தேன். வந்த தோழி முதல் முயற்சியிலேயே ஏற்றிவிட்டுப் போனார்.

உண்மையில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே என்னிடம் வந்துவிட்டது. ஒரு வாரம் முழுக்க இரவுப் பணி பார்த்து முடித்தபின் வலக்கண்ணை அசைத்தால் வலித்தது. மருந்துப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சிவப்பு எச்சரிக்கைச் சீட்டு இடக்கண்ணுக்குச் சிவப்பாகவும் வலக்கண்ணுக்கு வெளிறிய செங்கல் நிறமாகவும் தெரிந்தது. கண்ணை அசைக்கும்போது வலி, ஒரு கண்ணில் மட்டும் நிறம் மங்குதல் ஆகிய இரண்டும் சேர்ந்தால் பார்வை நரம்பின் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். அதே குறைகளோடு ஒரு நோயாளி வந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லியிருப்பேன். எனக்கு வந்தபோது தூக்கமின்மை என்று ஒதுக்கினேன். சில வாரங்களில் பார்வை தானாகவே தெளிந்ததும் அதை மறந்தும் போனேன். மருத்துவத் துறையில் இருப்பவர்கள் தங்கள் உடலைச் சரியாகக் கவனித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை பொதுவாக உண்டு. நான் கண்டவரையில் அது பெரும்பாலும் உண்மையில்லை. அறிகுறிகளின் பெயர் தெரிந்திருப்பதால், அவற்றுக்கு வேறு விளக்கம் கண்டுபிடிக்கவும் எங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மூளையிலும் தண்டுவடத்திலும் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் வெள்ளைத் தழும்புகள் தெரிந்தன. முதுகில் ஊசியிட்டு எடுத்த தண்டுவட நீரில், ரத்தத்தில் காணப்படாத ஆலிகோகுளோனல் பட்டைகள் என்ற எதிர்ப்புரதத் தடயங்கள் இருந்தன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று உறுதியாயிற்று. 1868-இல் பாரிஸில் ஜான் மார்ட்டின் ஷார்க்கோ தனி நோயாக விவரித்துக் காட்டிய இந்த நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த இடத்தில் செய்தி மெதுவாகச் செல்கிறது, அல்லது நின்றுவிடுகிறது. எந்த இடத்தில் சிதைகிறது என்பதைப் பொறுத்தே பார்வை, விரல், கால், சிறுநீர்ப்பை என்று குறை மாறுகிறது, ஒருவருடைய எம்.எஸ். இன்னொருவருடையதைப் போல இல்லாததற்குக் காரணம் அதுவே. 2020-இல் வெளியான உலகக் கணக்கு, ஏறத்தாழ 28 லட்சம் பேர் இதனுடன் வாழ்வதாகச் சொன்னது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், அதாவது வேலையில் காலூன்றும் பருவத்தில், ஆண்களை விடப் பெண்களுக்கே இது மிகுதியாக வருகிறது. செவிலியர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மருத்துவமனைகளில் என்னைப் போன்றவர்கள் அரிதாக இருக்க வழியில்லை. சொல்லாமல் இருப்பவர்களே மிகுதி என்று நினைக்கிறேன்.

நானும் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு என் கையால் ஏற்றிய மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, நாளுக்கு ஒரு கிராம் வீதம் ஐந்து நாள்கள் எனக்கு ஏறியது. வாயில் உலோகச் சுவை வருகிறது என்று நோயாளிகள் சொல்லும்போது தலையசைத்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். அந்தச் சுவை தண்ணீரைக் கூட விழுங்கவிடாது என்பது அப்போதுதான் தெரிந்தது. விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பியபோது கழுத்து வலிக்குச் சிகிச்சை எடுத்ததாகச் சொன்னேன். ஆறு மாதங்கள் அப்படியே ஓடின.

அந்த ஆறு மாதங்களில் என்னை அதிகம் அலைக்கழித்தது சோர்வு. வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர் எவரும் சோர்வார் என்பதால், எம்.எஸ். தரும் சோர்வு வேறு வகையானது என்று விளக்குவது கடினம். வழக்கமான களைப்பு உழைத்தபின் வருகிறது, உறங்கினால் போகிறது. இது நன்றாக உறங்கி எழுந்த காலையிலும் வருகிறது. கால்களோடு சேர்த்து மூளையின் வேகத்தையும் குறைக்கிறது. ஒரு மாலை, பணி ஒப்படைக்கச் சற்று நேரமே இருந்தபோது, 500 மில்லி டிரிப்பை நான்கு மணி நேரத்தில் செலுத்த வேண்டியிருந்தது. மில்லிக்கு 20 துளிகள் விழும் குழாய். நிமிடத்துக்கு 42 துளிகள் என்பது கணக்கு. ஆண்டுக்கணக்கில் மனத்தாலேயே போட்டுவந்த அந்தக் கணக்கில், நான்கு மணி நேரத்தை இரண்டாக எடுத்துக்கொண்டு 83 என்று எழுதினேன். இதயம் பலவீனமான ஒருவருக்கான டிரிப் அது. இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே தொடங்க வேண்டும் என்ற நடைமுறை இருந்ததால், தோழி அதைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் அடித்துத் திருத்திவிட்டு என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். நோயாளிக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. ஆனால் அன்று இரவு எனக்கு ஒன்று விளங்கியது. நோயை மறைக்க வேண்டும் என்பதற்காகவே நான் எதையும் மெதுவாகச் செய்வதில்லை, தாளில் எழுதிக் கணக்கிடுவதில்லை, உட்காருவதில்லை, உதவி கேட்பதில்லை. ஆபத்து நோயை விட அந்த மறைப்பில்தான் இருந்தது. மறுநாள் தலைமைச் செவிலியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது, "இவ்வளவு நாளும் நைட் டூட்டியும் பார்த்தியாம்மா?" என்பதுதான். அந்தப் பரிவு நிர்வாகத்தின் எல்லா மட்டங்களிலும் கிடைக்கவில்லை. "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார், "இந்த நோயை வைத்துக்கொண்டு நோயாளிகளைத் தொடலாமா?" என்று இன்னொருவர் கேட்டார். ஒரே அறையில் பத்து நிமிட இடைவெளியில் இந்த இரண்டு கேள்விகளும் வந்தன. எம்.எஸ். தொற்றுநோய் அல்ல என்பதை ஒரு மருத்துவமனை அதிகாரிக்கு நான் விளக்க வேண்டியிருந்ததை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

என்னுடைய இயலாமையை அளக்க அவர்கள் கேட்டது ஒரே ஓர் எண்ணை. 1983-இல் ஜான் குர்ட்ஸ்கி விரிவாக்கிய இ.டி.எஸ்.எஸ். அளவுகோல் பூஜ்யத்திலிருந்து பத்து வரை செல்கிறது. நரம்பியல் மருத்துவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் அந்த அளவுகோல், நடுவிலிருந்து மேலே செல்லச் செல்ல, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதையே பெரிதும் பார்க்கிறது. ஆறு என்றால் நூறு மீட்டர் நடக்க ஊன்றுகோல் வேண்டும். எனக்கு அது இரண்டு. நடையில் குறையே இல்லாததால் அந்த எண்ணின்படி நான் ஏறக்குறைய நலமாக இருந்தேன். ஆனால் தொடர்ந்து மூன்று இரவுகள் பணி பார்க்க என்னால் முடியாது, வலக்கை விரலை நம்பி ஊசி ஏற்றவும் முடியாது. ஒரு மருத்துவப் பணியாளர் வேலைக்குத் தகுதியானவரா என்பதை நோயின் பெயரைக் கொண்டோ ஓர் எண்ணைக் கொண்டோ முடிவு செய்யக் கூடாது. அவர் செய்யும் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணிநல மருத்துவர் ஒருவர் அப்படித்தான் செய்தார். என் ஒரு நாளைய பணியை முழுவதுமாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு, எது முடியும், எது மாற்றத்தோடு முடியும், எது கூடாது என்று என்னோடு உட்கார்ந்து பிரித்தார். இரவுப் பணி கூடாது. நோயாளியைத் தனியாகத் தூக்கக் கூடாது. குறிப்பெழுதும்போது உட்காரலாம். மருந்துக் கணக்கு எதுவானாலும் தாளில் போட வேண்டும். ஊசி ஏற்றுவதற்கு இன்னொரு கையின் விரலைப் பழக்கிய பிறகு, தலைமைச் செவிலியர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இத்தகைய நியாயமான மாற்றங்களை உரிமை என்றே சொல்கிறது. இருந்தும் அவை சலுகையாகக் கொடுக்கப்படும்போது, பெற்றுக்கொள்பவர் ஒவ்வொரு நாளும் நன்றி சொல்லிக்கொண்டே வேலை பார்க்க வேண்டியதாகிறது. நான் அப்படிச் சொல்வதை நிறுத்தச் சில ஆண்டுகள் ஆயின.

சிறுநீர்ப்பையைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் யாரும் எழுதுவதில்லை. கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்காது என்பதால் பணி நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது செவிலியர்களிடையே ஊறிப்போன வழக்கம். எம்.எஸ். உள்ளவருக்குச் சிறுநீர் திடீரென்று முட்டிக்கொண்டு வரும். அடக்க நேரம் தராது. அதற்கு அஞ்சி நான் தண்ணீரை இன்னும் குறைத்தேன். சிறுநீர்த் தொற்று வந்தது, காய்ச்சல் வந்தது, காய்ச்சலோடு கால்கள் துவண்டன, பழைய கண் மங்கியது. நோய் மீண்டும் தாக்குகிறது என்று நடுங்கிப்போனேன். ஆனால் காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில், 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் குறையைத்தான் புதிய தாக்குதல் என்று கொள்வார்கள். உடல் சூடேறும்போது பழைய தழும்புகள் பேசுவது தாக்குதல் அல்ல. உறை இழந்த நரம்பிழை, உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலும் செய்தியைக் கடத்தத் தடுமாறும் என்பதே இதன் காரணம். 1890-இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், நோயாளிகளுக்கு உடற்பயிற்சியின்போது பார்வை மங்குவதைக் கவனித்து எழுதியிருந்தார். தொற்று தீர்ந்ததும் கால்கள் திரும்பின. இப்போது கால் துவண்டால் நான் முதலில் எடுப்பது தெர்மாமீட்டரை.

2020-இல் கொரோனா வந்தபோது வெப்பம், தொற்று ஆகிய இரண்டு அச்சங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. முழுக் கவச உடைக்குள் நாற்பது நிமிடம் நின்றபோது கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறது என்று நினைத்து அருகிலிருந்தவரைப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி தெளிவாக இருந்தது. மங்கியிருந்தது வலக்கண். அதோடு, அப்போது நான் எடுத்துக்கொண்டிருந்த ஓக்ரெலிசுமாப் மருந்து, எதிர்ப்பாற்றலின் பகுதியான பி செல்களை அழித்து நோயைக் கட்டுப்படுத்துவது. தொற்றை எதிர்க்கும் திறனையும், தடுப்பூசிக்கு உடல் எழுப்பும் எதிர்வினையையும் அது குறைக்கும். 1993-இல் இன்டர்ஃபெரான் பீட்டா என்ற முதல் மருந்து ஒப்புதல் பெறும்வரை நோயின் போக்கை மாற்ற அங்கீகரிக்கப்பட்ட மருந்தே இல்லை என்பதை நினைத்தால், 2017-இல் ஒப்புதல் பெற்ற ஒரு மருந்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போக முடிவது எவ்வளவு பெரிய பேறு என்று எனக்குத் தெரியும். அதே மருந்துதான், தோழிகள் வார்டுக்குள் இருந்த மாதங்களில் என்னைத் தொலைபேசி வழிக் கண்காணிப்பு அறையில் உட்கார வைத்தது. உட்கார்ந்தது சரியான முடிவு. ஆனாலும் அவர்கள் முகத்தில் கவசத்தின் தழும்போடு வெளியே வருவதைப் பார்க்கும்போது ஏற்பட்ட குற்ற உணர்வு இன்னும் முழுதாகப் போகவில்லை. மருத்துவப் பணியில் இருந்துகொண்டு இந்த வகை மருந்தைத் தொடங்கவிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தேவையான தடுப்பூசிகளை, குறிப்பாக உயிருள்ள கிருமியைக் கொண்டவற்றை, மருந்து தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தொடங்கியபின் அவற்றில் சிலவற்றைப் போடவே முடியாது.

நோய் வந்ததால் நான் மேலான செவிலியராகிவிட்டேன் என்று சொல்லும்படி சிலர் எதிர்பார்க்கிறார்கள். நோய் வராமலே நல்ல செவிலியராக இருக்க முடியும். என் தோழிகள் அப்படித்தான் இருக்கிறார்கள். என்னிடம் மாறியது ஒரு சிறு வழக்கம் மட்டுமே. கால் கனக்கிறது என்று ஒரு நோயாளி சொல்லி, பரிசோதனையில் கால் வலு சரியாக இருந்தால், முன்பு "வலு இயல்பு" என்று மட்டும் எழுதுவேன். இப்போது அவர் சொன்ன சொற்களையும் அப்படியே சேர்த்து எழுதுகிறேன். என் கதையைப் படுக்கையருகில் சொல்வதில்லை. ஒரே ஒருமுறை, நோய் உறுதியான அன்று அழுதுகொண்டிருந்த ஓர் இளம்பெண்ணிடம் சொன்னேன்; அவர் உடனே தன்னை மறந்து எனக்காக வருந்தத் தொடங்கினார். அன்று அந்தப் பாரத்தை அவர் மேல் வைத்திருக்கக் கூடாது.

இடக்கை நடுவிரலைப் பழக்க நான்கு மாதங்கள் ஆயின. முதலில் என் முன்கையிலும், பிறகு இசைந்து கைநீட்டிய தோழிகளின் கைகளிலும், ஊசி இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு சிரையைத் தேடிப் பழகினேன். இப்போது பகல்நேர மருந்தேற்றுப் பிரிவில் வேலை. நான் ஏற்றிக்கொள்ளும் மருந்தையே மற்றவர்களுக்கும் ஏற்றுகிறேன். இன்னும் சில நேரம் சிரை பிடிபடாது. இரண்டு முறைக்குப் பின் வேறொருவரை அழைக்கிறேன், முன்பு போல் முகம் சிவக்காமல்.

அடுத்த மாதப் பணிப்பட்டியலை நேற்று தயாரித்தோம். என் தவணை ஒரு வியாழக்கிழமை வருகிறது. முன்பெல்லாம் விடுப்புக் கட்டத்தில் "சொந்த வேலை" என்று எழுதுவேன். நேற்று "எம்.எஸ். மருந்து, படுக்கை 3" என்று எழுதினேன். அதைப் படித்த தோழி பேனாவை வாங்கி, அந்த நாளுக்கான பொறுப்புச் செவிலியர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.