சுண்ணாம்புக்கு ஒரு டிக்கி

பிப்ரவரி 3, 2026. கொழிஞ்சாம்பாறை

மண்ணுத்தி கால்நடை மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் எங்கள் நாய் சுண்ணாம்பு மூன்று முறை வாந்தி எடுத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் சின்னக் காரின் பின்சீட்டில் மடக்கி வைத்த கயிற்றுக் கட்டில் போலக் கிடக்கிறான். பின்னங்கால் முட்டியில் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. மூன்று மாதத்துக்குக் குதிக்கவே கூடாதாம். அவனைத் தூக்கி ஏற்றியதில் என் வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இனி இரண்டு நோயாளிகள்.

இரவில் முடிவெடுத்தோம். பழைய காரைக் கொடுத்துவிட்டு, பெரிய வண்டி ஒன்று, பழையதாக இருந்தாலும் நல்ல தரத்தில் வாங்குவது. உச்சவரம்பு 25 லட்சம். "நாய்க்கா 25 லட்சம்?" என்றார். உங்கள் முதுகுக்கும் சேர்த்துத்தான் என்றேன்.

பிப்ரவரி 5

முப்பத்தொரு வருடம் கணக்கு நடத்தியவள், அளக்காமல் கடைக்குப் போவேனா. தையல் டேப்பை எடுத்து அவனை அளந்தேன். தோள் வரை 73 செ.மீ., தலை நிமிர்ந்தால் 98, மூக்கிலிருந்து வாலடி வரை 106. எடை 38 கிலோ. அசல் ராஜபாளையம். 2005இல் தபால்தலையில் இடம்பிடித்த ஜாதி. அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் சேர்ந்து வரும். இவனுக்கும் வந்தது. பெயர் வைத்ததே நாங்கள் கூப்பிட்டு மகிழத்தான், அவனுக்குக் கேட்காது.

மகள் தொலைபேசியில் ஒரு கணக்குப் போடச் சொன்னாள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் நம் கார் எதிலாவது மோதி, பத்தில் ஒரு விநாடியில் நின்றால் 38 கிலோ நாய் என்ன விசையோடு முன்னால் வரும்? போட்டேன். அரை டன்னுக்கு மேல் நிற்கிறது. ஆகவே பின்சீட்டு யோசனையை விட்டேன். டிக்கியில்தான் இருக்க வேண்டும், நடுவில் இரும்புத் தடுப்பு வேண்டும்.

பிப்ரவரி 8

கோயம்புத்தூரில் ஒரு கடை. விற்பவர் நாயைப் பற்றிக் கேட்டதும் மேற்கூரை முழுக்கக் கண்ணாடி உள்ள ஜெர்மன் வண்டி ஒன்றைக் காட்டினார். "வானத்தைப் பார்த்துக்கொண்டே வரும், மேடம்." பாலக்காட்டுக் கணவாயின் மார்ச் வெயிலைப் பார்த்தவர் பேசும் பேச்சா இது? நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், மற்றதெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் தணிய வேண்டும். மூடிய கார் வெயிலில் பத்தே நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி கூடிவிடும்.

இந்த வண்டிகளின் அழகெல்லாம் பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரையில் இருக்கிறது. அந்தச் சரிவு சுண்ணாம்பின் தலை வர வேண்டிய இடத்தைத் தின்றுவிடுகிறது. டேப்பைப் பிடித்துப் பார்த்தேன், நான்கு விரற்கடை குறைந்தது. விற்பவருக்கு நான் காரை அளக்கிறேனா அவரை அளக்கிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது.

தோல் இருக்கையில் கறுப்பைவிட வெளிர் மஞ்சள் நல்லது. அழுக்குப் பிடிக்கும் என்பார்கள். வெள்ளை நாய் வளர்ப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பிப்ரவரி 11

பொள்ளாச்சியிலிருந்து நாத்தனார் மகன் செந்தில் வந்தான். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவனோடு இன்னொரு வண்டி பார்க்கப் போனோம். மினுமினுப்பு, குறைந்த கிலோமீட்டர், சென்னைப் பதிவு, விலையோ ஆசை காட்டும் விலை. செந்தில் இன்ஜினைத் திறக்கவே இல்லை. பின்சீட்டு பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்தான். கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றுக் கோடு. ஸ்டெப்னிக் குழியில் மெல்லிய வண்டல், சீட் தண்டவாள போல்ட்டில் துரு.

"அத்தை, இது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் குளித்த வண்டியாக இருக்கும். மேலே கழுவிவிடலாம். வயரிங்குக்குள் போன தண்ணீரை யார் கழுவுவது?"

விற்பவர் தேநீர் சொன்னார். குடிக்காமல் வந்துவிட்டோம். அவருடைய தேநீரையும் நம்பத் தோன்றவில்லை.

பிப்ரவரி 15

இன்று நெஞ்சைத் தொட்ட வண்டி. கோயம்புத்தூர், டிஎன் 66, வால்வோ எக்ஸ்சி 60, 2018 மாடல். இரண்டாம் தலைமுறை, இந்தியாவுக்கு 2017 டிசம்பரில் வந்தது. மாமியாரிடம் வால்வோ என்றதும், "பெங்களூர் போகிற பஸ்ஸா?" என்றார். ஒருவகையில் சரிதான்.

கூரை நேராகப் பின்னால் வருகிறது. டிக்கிக்குள்ளே ஒரு பொத்தான், அழுத்தினால் காற்று சஸ்பென்ஷன் இறங்கி வண்டியின் பின்புறம் ஒட்டகம் போலத் தாழ்கிறது. கால் சரியில்லாத நாய்க்கு இதைவிட என்ன வேண்டும்.

கேட்ட விலை 23 லட்சம். வாங்கிவிடலாம் என்று எழுந்தேன், பிறகு கணக்கு டீச்சர் உட்கார வைத்தாள். தமிழ்நாட்டு வண்டியைக் கேரளத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து தடையின்மைச் சான்று, பிறகு இங்கே மீதி ஆயுளுக்கான சாலை வரி. புது விலை 20 லட்சத்தைத் தாண்டிய காருக்குக் கேரளத்தில் வரி, விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. வயதுக்கு ஏற்பக் கழிவு உண்டு. கழித்த பிறகும் லட்சங்கள் நிற்கின்றன. அங்கே கட்டியதில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம்தான், நடையாய் நடந்தால்.

டீக்கடையில் ஒருவர், வரியை மிச்சப்படுத்தப் புதுச்சேரியில் ஒரு முகவரி காட்டி அங்கே பதிவு செய்யும் யோசனை சொன்னார். 2017இல் அந்த முகவரிகளை வைத்து இங்கே எழுந்த அமளியை மறந்துவிட்டார் போலும்.

பிப்ரவரி 19

ஆகவே கேஎல் எண் உள்ள வண்டியே வேண்டும். திருச்சூரில் ஒன்று இருக்கிறது. அதே மாடல், 2019, டீசல், கேட்பது 25 லட்சத்து 40 ஆயிரம். வால்வோ 2024 தொடக்கத்தோடு டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. உதிரிபாகம் என்ன ஆகும் என்று செந்திலைக் கேட்டேன். அவனுடைய கவலை வேறு.

"அத்தை, காற்று சஸ்பென்ஷனைக் கவனியுங்கள். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் படுத்திருந்தால் வேண்டவே வேண்டாம். அப்புறம், இந்த டீசலில் கரி வடிகட்டி இருக்கிறது. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை நெடுஞ்சாலையில் சீராக ஓட வேண்டும்."

மண்ணுத்தி நடை வண்டிக்கும் வைத்தியம் ஆகிவிட்டது.

பிப்ரவரி 24

பரிசோதனை நாள். சுண்ணாம்பைக் காட்டிவிட்டு அப்படியே திருச்சூர் போனோம். வண்டியை முந்தின நாள் மாலையிலிருந்து நகர்த்தாமல் வைக்கச் சொல்லியிருந்தேன். நான்கு சக்கரத்துக்கு மேலும் டேப் வைத்தேன். படுக்கவில்லை. பெல்ட் நுனி வரை சுத்தம்.

பலகையில் கயிற்றுப் பாய் அடித்து இரண்டு மீட்டரில் சாய்தளம் செய்து கொண்டுபோயிருந்தோம். வண்டி தாழ்ந்தது, அவன் மெதுவாக ஏறினான், திரும்பினான், படுத்தான். படுக்க இடம் போதும். கதவை மூடி நான் முன்சீட்டுக்கு வந்ததும் தொடங்கினான். எழுந்து நின்று கண்ணாடியைச் சுரண்டுகிறான், நடுங்குகிறான், அழுகிறான்.

அரை மணி நேரம் யாருக்கும் புரியவில்லை. விலை கேட்டு வந்த இன்னொரு குடும்பம் வேடிக்கை பார்த்தது. என் வீட்டுக்காரர்தான், "உன் முகம் தெரியவில்லை அவனுக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நீளம், உயரம், எடை என்று எல்லாம் அளந்தவள், செவிட்டு நாய்க்கு என் முகம்தான் குரல் என்பதை அளக்க மறந்தேன். சின்னக் காரில் அவன் நெளிந்து கிடந்தாலும் என் காது அவன் மூக்கருகே இருந்தது.

விற்கும் பையன் ஏதோ நினைத்துக்கொண்டு திரையில் தொட்டான். பின்சீட்டின் இரண்டு தலைத்திண்டுகளும் பொத்தென்று முன்னால் மடிந்தன. ஓட்டுபவர் பின்னால் பார்க்க வைத்த வசதியாம். கண்ணாடியில் சுண்ணாம்பின் ரோஜா மூக்கு தெரிந்தது, அவனுக்கு நான் தெரிந்தேன். படுத்துவிட்டான்.

24 லட்சத்து 60 ஆயிரத்தில் முடித்தோம். இரும்புத் தடுப்புக்குத் தனிக் காசு.

மார்ச் 8

வண்டிக்கு அதன் புது எஜமானர்களோடு முதல் நெடும்பயணம். பெயர் மாற்ற விண்ணப்பம் போட்டாயிற்று. வடக்கஞ்சேரி வரை சுண்ணாம்பு தூங்கினான். வாந்தி இல்லை. தடுப்புக் கம்பிகளுக்கு இடையே மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சம் போயிற்று. பின்கண்ணாடிகள் வேறு கறுப்பு. சுரங்கத்தில் விளக்குகள் உண்டு என்றாலும் வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு எல்லாம் இருட்டு. அவன் எழுந்து நிற்பது கண்ணாடியில் நிழலாகத் தெரிந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, தடவித் தடவி, என் தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டார். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரமும் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தே போனேன்.