பில் பாக்கி 4 லட்சமா? நேராக வழக்குப் போடாதீர்கள்

2018-ல் சிட்டி சிவில் கோர்ட் விசாரிக்கும் வழக்குத் தொகையின் உச்ச வரம்பை 25 லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தியது சென்னை வக்கீல்கள் எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வருவதற்கான குறைந்தபட்சத் தொகை ஒரு கோடியிலிருந்து 3 லட்சத்துக்கு இறங்கியதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

சரக்கு அனுப்பிய பாக்கி 4 லட்சம் என்றாலே அது வணிக வழக்கு. அவசர நிவாரணம் தேவையில்லையென்றால், அந்தச் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரச மனு கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு வராவிட்டால் ‘நடக்கவில்லை’ என்று அறிக்கை தருவார்கள். அதை இணைக்காத பிராது (வழக்கு மனு) நிராகரிக்கப்படும். 2022-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. இதிலிருந்து தப்பிக்க, அவசரம் இருப்பதாகக் காட்டி ஒப்புக்கு ஒரு தடை மனுவைச் சொருகுவது வீண் வேலை. சமரசத்தில் கழியும் நாட்கள் லிமிடேஷன் (வழக்குப் போடுவதற்கான காலக்கெடு) கணக்கில் சேராது.