டிகின்டர் நிரலில் எழுத்துரு எல்லா இடத்திலும் மாறுவதற்கு

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலைக்கு உறுப்பினர் பதிவேடு ஒன்றைப் பைதன் நிரல்மொழியில், யன்னல்களை அமைக்க உதவும் அதன் டிகின்டர் நூலகத்தைக் கொண்டு எழுதிக் கொடுத்தேன். நிரல் இலகுவாகவே முடிந்தது. ஆனால் விண்டோஸில் இயல்பாக வரும் 9 புள்ளி எழுத்தை அங்கே பொறுப்பாக இருக்கும் ஐயாவால் வாசிக்க முடியவில்லை. அதைப் பெரிதாக்கும் வேலைதான் என்னைப் படாதபாடு படுத்தியது.

நான் படித்த பயிற்சி நிலையத்தில் விசாரித்தபோது, "ஒப்ஷன் அட் வரியைப் போட்டால் சரி" என்று, இயல்பு எழுத்துருவை ஒரே வரியில் குறிக்கும் கட்டளையைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வரி, தனக்குப் பிறகு உருவாகும் கூறுகளை (பொத்தான், பெட்டி போன்றவற்றை) மட்டுமே தொடும் என்பதையும், டிகின்டரின் புதிய வகையான டிடிகே கூறுகளில் பல அதைக் கண்டுகொள்வதில்லை என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை. யன்னலில் பாதி எழுத்து பெரிதாகவும் பாதி சிறிதாகவும் நின்றது. போதாக்குறைக்கு, 'நிர்மலா யூஐ 12' என்று எழுத்துருவின் பெயரையும் அளவையும் ஒரே சரமாகக் கொடுத்தால், இடைவெளிக்குப் பின் வரும் 'யூஐ'யை அளவென்று எடுத்துக்கொண்டு, முழு எண் எங்கே என்று கேட்டு நிரல் நின்றுவிடுகிறது. இடைவெளியுள்ள பெயரை நெளிவு அடைப்புக்குள் இடவேண்டும்.

நம்பத்தகுந்த வழி, டிகின்டருக்கு அடிப்படையான டிகேயில், 2007இல் வெளியான 8.5 பதிப்பு முதல் ஆயத்தமாகவே இருக்கும் பெயரிட்ட எழுத்துருக்களே. முதன்மை யன்னலை உருவாக்கிய பின், 'நேம் டு ஃபொன்ட்' என்ற செயற்கூற்றின் மூலம் 'டிகே டிஃபோல்ட் ஃபொன்ட்' என்ற இயல்பு எழுத்துருவை எடுத்து அதன் குடும்பத்தையும் அளவையும் மாற்றினால், ஏற்கெனவே திரையில் உள்ள கூறுகளும் உடனே மாறுகின்றன. அதைக் கண்டபோது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆயினும் அது ஒன்று போதாது: உள்ளீட்டுப் பெட்டிக்கு 'டெக்ஸ்ட்', அட்டவணைத் தலைப்புக்கு 'ஹெடிங்', பட்டிக்கு 'மெனு', பலவரிப் பெட்டிக்கு 'ஃபிக்ஸ்ட்' எனத் தனித்தனி எழுத்துருக்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் மாற்றவேண்டும்.

அதன் பின்னும், உறுப்பினர் பட்டியலைக் காட்டும் ட்ரீவியூ என்ற டிடிகே அட்டவணை அடங்கவில்லை. எழுத்து பெருத்தாலும் அதன் வரி உயரம் பெருப்பதில்லை. ஆகவே கீழே இறங்கும் உகரக் கோடுகள் வெட்டுப்பட்டு, முகவரியில் 'புத்தூர்' 'பத்தூர்' ஆகவும் 'சுன்னாகம்' 'சன்னாகம்' ஆகவும் தெரிந்தன. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம், தமிழில் சொல்லே மாறிவிடுகிறது. எழுத்துருவின் ஒரு வரிக்குத் தேவையான உயரமான 'லைன்ஸ்பேஸ்' அளவைக் கேட்டு வாங்கி, அதற்கு மேல் சில படவணுக்களைக் (பிக்சல்களை) கூட்டி, டிடிகேயின் தோற்ற அமைப்பான 'ஸ்டைல்' மூலம் வரி உயரமாகக் கொடுத்தால் தீரும்.

இல்லாத எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால் டிகே பிழை எதுவும் காட்டாமல் வேறொன்றைப் போட்டுவிடும் என்பதால், கணினியிலுள்ள எழுத்துருக்களைத் தரும் 'ஃபமிலீஸ்' பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அவசியம். புதிதாக ஓர் எழுத்துருவை நீங்களே உருவாக்கினால், அதைச் செயற்கூற்றின் உள்மாறியில் மட்டும் வைத்திருக்கவேண்டாம். செயற்கூறு முடிந்ததும் பைதன் அதை அழித்துவிடும்.