கானல்: கடலும் காடும் ஒரே குப்பியில்

கடற்கரைச் சோலைக்குத் தமிழில் கானல் என்றே ஒரு சொல் உண்டு. இப்போது கானல் நீர் மட்டும்தான் நினைவில் நிற்கிறது, சோலை மறந்துபோயிற்று. கடல் மணமும் காட்டு மணமும் கலந்த வாசனைத் திரவியத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் இதைச் செய்வதில் ஒரு பெரிய சிக்கல்: காடு சீக்கிரம் பறந்துவிடும், கடல் போகவே போகாது.

பைன், சைப்ரஸ், ஜூனிபர் எண்ணெய்களில் பெரும்பங்கு பைனீன், காரீன் போன்ற டெர்பீன்கள். தோலில் பட்ட கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். கடல் மணத்துக்குச் சேர்க்கும் காலோன் என்ற செயற்கை மணப்பொருளோ, மணம் பார்க்கும் காகிதப் பட்டையில் நாள்கணக்கில் தங்கும். அதனால் முதல் பத்து நிமிடம் மயக்கும் கலவை, ஒரு மணி நேரம் கழித்து நறுக்கிவைத்த முலாம்பழமாக மணக்கிறது. உடனே பைன் எண்ணெயைக் கூட்டினால் தரை துடைக்கும் திரவத்தின் வாடை வரும், அடியில் முலாம்பழமும் அப்படியே இருக்கும். கூட்ட வேண்டியது கடலோடும் காட்டோடும் ஒட்டுறவுள்ள, மெல்ல ஆவியாகும் பொருள்களை.

உப்புக்கு மணமே கிடையாது. உப்புக்காற்று என்று நாம் சொல்வதில் மூக்குக்கு எட்டுவது, கடலின் நுண்பாசிகளிலிருந்து வரும் டைமெத்தில் சல்பைடும் பெரிய பாசிகளின் ஆவிகளும்தான். டைமெத்தில் சல்பைடு கொஞ்சம் கூடினாலும் வெந்த முட்டைக்கோஸ் வாடை. ஆகவே நேர்வழி இல்லை, சாயலைத்தான் காட்ட முடியும். 1988இல் வந்த கூல் வாட்டர் என்ற வாசனைத் திரவியம் அந்தச் சாயலை டைஹைட்ரோமிர்சினால் என்ற செயற்கைப் பொருளின் சலவைப் புத்துணர்ச்சியால் காட்டியது. 1966இல் ஃபைசர் நிறுவனத்தில் கண்டறியப்பட்ட காலோன், 1990களில் கடல் மணத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கானலுக்கு இரண்டுமே வேண்டும், ஆனால் சிட்டிகை அளவில்.

10 கிராம் செறிவுக்கு, அதாவது ஆல்கஹாலில் நீர்க்கும் முன் உள்ள கலவைக்கு, ஒரு தொடக்கக் கணக்கு. எண்கள் எல்லாம் கிராமில், சதவீதம் குறித்தவை கரைசல்கள். மேலே, அதாவது முதலில் எழும் மணத்துக்கு: வெயிலில் தோலைப் பாதிக்கும் பெர்காப்டீன் நீக்கிய பெர்கமட் 1.2 கிராம், டைஹைட்ரோமிர்சினால் 0.3, சைப்ரஸ் 0.7, ஜூனிபர் 0.4, ஃபர் மரத்தின் ஊசியிலை எண்ணெய் 0.5. கடலுக்கு 1% காலோன் கரைசல் 0.8, 10% ஃப்ளோரலோசோன் 0.2. இடையில் காற்றோட்டம் தரச் செயற்கை மணப்பொருள்களான ஹெடியோன் 2.0, ஐஸோ ஈ சூப்பர் 1.5. அடியில் வெட்டிவேர் எண்ணெய் 0.3, 50% ஃபர் பால்சம் அப்ஸல்யூட் (கரைப்பானால் பிரித்தெடுத்த செறிந்த சாறு) 0.6, 10% கடற்பாசி அப்ஸல்யூட் 0.3, 10% எவர்னில் 0.5, 10% அம்ப்ராக்ஸான் 0.7.

காலோன் கரைசல் 0.8 கிராமில் உண்மையான காலோன் 8 மில்லிகிராம்தான். 0.01 கிராம் காட்டும் தராசில் அதைப் பொடியாக நிறுக்க முடியாது. கரைசலாக்கியே தீர வேண்டும்.

இந்தக் கலவையின் உயிர் ஃபர் பால்சம். கரும்பச்சையாக, ஜாம் போலக் கெட்டியாக இருக்கும், குச்சியில் எடுத்தால் நூல் இழுக்கும். வெதுவெதுப்பான நீரில் குப்பியை நிறுத்தி இளக்கிவிட்டுத்தான் ஆல்கஹாலில் கரைக்க வேண்டும். பிசினும் பழப்பாகின் இனிப்பும் சேர்ந்த மணம். ஊசியிலை எண்ணெய்கள் பறந்துபோன பிறகும் மரத்தை நிறுத்திவைப்பது இதுதான். காலோனின் பழத்தன்மையையும் தன் இனிப்புக்குள் இழுத்துக்கொள்கிறது, முலாம்பழம் தனியாகத் துருத்துவதில்லை.

கடற்பாசி அப்ஸல்யூட்டைப் பட்டையில் நனைத்தால் முதலில் அயோடினும் ஈரப்பாறையும், வெகுநேரம் கழித்துக் காய்ந்த புல்லும் பதனிட்ட தோலின் லேசான வாடையும். அந்தப் பின்பகுதிக்காகத்தான் அது வேண்டும். 0.3 என்பதை 0.6 ஆக்கினால் மீன்வாடை எட்டிப்பார்க்கும். எவர்னில் என்ற செயற்கைப் பொருள், ஓக் மரத்தில் படரும் ஓக் பாசியின் இடத்தை நிரப்புகிறது. ஓக் பாசிச் சாற்றில் ஒவ்வாமை உண்டாக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அழகுசாதனப் பொருள்களில் தடைசெய்தது. இயற்கைச் சாறுதான் வேண்டும் என்பவர்கள் அவை நீக்கப்பட்ட வகையையே வாங்க வேண்டும்.

ஊசியிலை எண்ணெய்கள் விஷயத்தில் அலட்சியமே கூடாது. காற்றுபட்டால் டெர்பீன்கள் பெராக்சைடாக மாறும். மணம் டர்பெண்டைனாகக் காறும், தோலும் தடிக்கும். பைன், ஃபர் எண்ணெய்களில் பெராக்சைடு அளவு லிட்டருக்கு 10 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சர்வதேச வாசனைத் திரவியச் சங்கமான இஃப்ராவின் விதி. வாங்கியதும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பிஎச்டி (BHT) 0.1% சேர்த்து, சிறு குப்பிகளில் வாய்வரை நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பாதி காலியான பழைய குப்பியை நம்பாதீர்கள்.

கலக்கும்போது அடிப்பொருள்களை முதலில், பெர்கமட்டைக் கடைசியில் ஊற்றுங்கள். ஒரு வாரம் செறிவாகவே இருக்கட்டும். 10 கிராமில் ஏறத்தாழ 2.6 கிராம் கரைப்பான்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உண்மையான மணப்பொருள் 7.4 கிராம். 34 கிராம் ஆல்கஹால் சேர்த்தால் சுமார் 17% வரும், ஓ டி பர்ஃபம் (eau de parfum) என்ற செறிந்த வகைத் திரவியத்துக்குச் சரியான அளவு. நான்கு வாரம் இருட்டில் வைத்துவிட்டு, இரண்டு நாள் குளிரவைத்து, குளிர் மாறுமுன் காபி வடிதாளில் வடிகட்டுங்கள். அப்ஸல்யூட்டின் மெழுகு அதில் தங்கிவிடும். தண்ணீர் சேர்க்காதீர்கள். டெர்பீன்கள் நீரோடு சேராமல் கலவை பால்போலக் கலங்கும். தெளிந்த பிறகும் இளம்பச்சை நிறம் நிற்கும், வெள்ளைத் துணியில் கறை படியும்.

தீர்ப்பை நான்காவது மணி நேரத்தில் சொல்லுங்கள், முதல் நிமிடத்தில் அல்ல. அப்போதும் பழம் முந்தினால் காலோன் கரைசலை 0.5 ஆக்கி, ஃபர் பால்சத்தை 0.9 ஆக்குங்கள். மீன் முந்தினால் கடற்பாசியைப் பாதியாக்குங்கள். காடு மட்டும் மணந்தால் உடனே கடலைக் கூட்டவேண்டாம். காலோனுக்கு மூக்கு விரைவில் பழகி மரத்துப்போகும், கலந்தவருக்கு எட்டாத கடல் பக்கத்து அறையில் இருப்பவருக்கு நன்றாகவே எட்டும். பட்டையை அவரிடம் நீட்டிக் கேளுங்கள்.