நெட் சோஷியல் ஒர்க்: "யார் காசு?" என்று கேட்டுப் படியுங்கள்

யுஜிசி நெட் (கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) சோஷியல் ஒர்க் பாடத்தில் ரிசல்ட் வந்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் எல்லாம் திட்டம் போட்டு நடந்ததாக மனசு கதை கட்டிவிடும். எல்லோருக்கும் பொதுவான பேப்பர் ஒன்றைப் பற்றி இங்கே எதுவும் இல்லை, அதற்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். பேப்பர் இரண்டில் அறக்கொடை, தொண்டு நிறுவன நிர்வாகம், சமுதாய வளர்ச்சி மூன்றும் 4, 6, 7ஆம் யூனிட்களில் சிதறிக் கிடக்கின்றன. படித்தும் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

உத்தி ஒன்றே ஒன்று. எந்த அமைப்பைப் பற்றிக் கேள்வி வந்தாலும் மூன்றைக் கேளுங்கள்: யார் காசு, முடிவு யார் கையில், கணக்கு யாருக்கு?

நம் செட்டிநாட்டுப் பக்கத்து மகமையை எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரத்தில் ஒரு பங்கு ஒதுங்கி, ஏட்டில் தனிப் பற்றுவரவாக நிற்கும். ஒதுக்கிவிட்ட பிறகு அது செட்டியார் காசு இல்லை, தர்மக் காசு. புள்ளி வரி வேறு. புள்ளிக்கு, அதாவது கல்யாணமான குடும்பத்துக்கு, இவ்வளவு என்று நகரத்தார் கூடி முடிவு செய்வது, கணக்கும் அந்தக் கூட்டத்துக்கே. முதலாவதை ட்ரஸ்ட் பக்கமும் இரண்டாவதைச் சொசைட்டி பக்கமும் வையுங்கள். வக்கீல் கேட்டால் சிரிப்பார், பரீட்சைக்கு இது போதும்.

ட்ரஸ்டில் கொடுத்தவர் எழுதிய பத்திரம் ஆளும். சொசைட்டியில் உறுப்பினர் ஓட்டு ஆளும். தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975, குறைந்தது 7 பேர். எட்டாம் பிரிவுக் கம்பெனி 2013 கம்பெனிச் சட்டத்தில் வருவது. லாபம் வரலாம், பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. 1882ஆம் ஆண்டு இந்தியன் ட்ரஸ்ட் ஆக்ட் தனியார் ட்ரஸ்டுக்கானது. பொது அறக்கட்டளையை அதன் கீழ் தள்ளி ஒரு ஆப்ஷன் நின்றால் தொடாதீர்கள்.

அடுத்தது சதவீதக் குழப்பம். நாலு எண்ணும் ஒரே பொருத்துகவில் வந்தால் தலை சுற்றும்:

2 – சிஎஸ்ஆர், அதாவது பெரிய கம்பெனிகள் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய கட்டாயச் செலவு. முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில். நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கடமை வந்துவிடும். மூன்றும் சேர்ந்து வேண்டும் என்ற ஆப்ஷன் பொறி.
5 – அந்த சிஎஸ்ஆர் செலவில் கம்பெனி நிர்வாகச் செலவாகக் காட்டக்கூடிய உச்சம்.
15 – வருமான வரி விலக்கு பெற்ற அறக்கட்டளை நிபந்தனையில்லாமல் சேர்த்து வைக்கக்கூடியது. மீதி 85 நோக்கத்துக்குப் போக வேண்டும்.
20 – வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு உச்சம். 2020 திருத்தத்துக்கு முன் 50. வாங்கிய நன்கொடையை வேறு தொண்டு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் அதே திருத்தத்தில் தடை. பழைய கைடுகளில் இன்னும் 50 என்றே கிடக்கிறது, அடித்துத் திருத்துங்கள்.

கால வரிசைக் கேள்விக்கு மனப்பாடம் நிற்காது, ஊர்த் தேதியோடு கட்டிப் போடுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த சிக்ரிக்கு (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) நேரு அடிக்கல் நாட்டியது 1948 ஜூலை 25. உத்தரப் பிரதேசத்தில் ஆல்பர்ட் மேயரின் இடாவா கிராம வளர்ச்சி முன்னோடித் திட்டமும் அதே 1948தான். சிக்ரி திறந்தது 1953 ஜனவரி. அதற்கு மூன்று மாதம் முன்னால், 1952 அக்டோபர் 2இல், சமுதாய வளர்ச்சித் திட்டம். சரியாக ஒரு வருஷம் கழித்து தேசிய விரிவாக்கச் சேவை. பஞ்சாயத்து ராஜுக்கு வழி சொன்ன பல்வந்த்ராய் மேத்தா கமிட்டி 1957, அழகப்பர் மறைந்த வருஷம். பஞ்சாயத்துகளுக்கான 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1992, நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. இந்த இரண்டு தேதியையும் மாற்றி மாற்றிக் கேட்பார்கள்.

சமுதாயத்தோடு வேலை செய்வதற்கு ராத்மன் 1968இல் சொன்ன மூன்று மாதிரிகளையும் இதே மாதிரி ஊர் உதாரணத்தோடு கட்டிப் போடுங்கள். குன்றக்குடி அடிகளார் சிக்ரி உதவியோடு நடத்திய கிராமத் திட்டம் வட்டார வளர்ச்சி மாதிரிக்குக் கையருகே உள்ள உதாரணம். கலெக்டர் ஆபீஸில் போட்டு இறக்குவது சமூகத் திட்டமிடல். சாலை மறியல் சமூகச் செயல்பாடு.

லாக்ஃப்ரேமை, அதாவது ஒரு திட்டத்தின் செலவு முதல் பலன் வரை கட்டம் போட்டு எழுதும் அட்டவணையை, பாடப்புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும். ஊருணி தூர்வாரும் திட்டம் ஒன்றைத் தாளில் கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள். ஜேசிபி வாடகை, ஆள் கூலி: இன்புட். தோண்டுவது செயல்பாடு. மூன்று அடி வண்டல் வெளியேறியது அவுட்புட். பங்குனி முடிந்தும் குடிக்கத் தண்ணீர் நிற்கிறது, பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்குப் போவதில்லை: அவுட்கம். "பயிற்சி பெற்றோர் 200 பேர்" என்று கேள்வியில் வந்தால் அது அவுட்புட் மட்டுமே. அட்டவணையின் நான்காம் நெடுவரிசையான அனுமானத்தை யாரும் சீண்டுவதில்லை. வரத்துக்கால் அடைபடாமல் இருக்கும் என்பதுதான் அங்கே எழுத வேண்டியது. வரத்துக்காலில் யாராவது மதில் கட்டியிருந்தால் எத்தனை அடி தோண்டினாலும் ஊருணி வறண்டே கிடக்கும், திட்டம் தோற்றதற்கு ஜேசிபிக்காரர் மேல் பழி விழும்.

மக்கள் பங்கேற்பை அளக்கும் ஆர்ன்ஸ்டைன் ஏணி 1969, எட்டுப் படி, கீழிருந்து 2, 3, 3 என்று பிரியும். தண்டோரா போட்டுத் தெரிவிப்பது மூன்றாம் படி. கிராம சபையில் கருத்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குவது நான்காம் படி, இன்னும் ஒப்புக்குச் சப்பாணிதான். தூர்வாரும் காசும் அளவுப் புத்தகமும் ஊர்க் குழு கையில் வந்தால் ஏழு.

ஹாலில்:
மைனஸ் மார்க் கிடையாது, ஒன்றைக்கூட விடாதீர்கள்.
பொருத்துகவில் உறுதியான ஒரு ஜோடியைப் பிடித்து மற்ற ஆப்ஷன்களை வெட்டுங்கள்.
கேள்வித்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான். தமிழில் படித்தவர்கள் செட்லர் (ட்ரஸ்டை ஏற்படுத்துபவர்), பெனிஃபிஷியரி (பயன் பெறுபவர்), என்டோமென்ட் (நிலைக்கொடை), கார்ப்பஸ் நான்கையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். கார்ப்பஸ் என்றால் கைவைக்காத முதல், வட்டியில்தான் தர்மம் நடக்கும்.