டபிள்யூஎஸ்இடி மூன்றாம் நிலை: சிறு தயாரிப்பாளர் ஒயின்களை வைத்துப் படித்த அனுபவம்

ஒயினைச் சுவைத்து மதிப்பிடக் கற்றுத்தரும் டபிள்யூஎஸ்இடி (Wine & Spirit Education Trust) என்ற அமைப்பின் மூன்றாம் நிலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ஒயினை வாங்கிப் பழகுவது என்பதுதான். பாடப்புத்தகத்தில் சொன்னபடியே இருக்கும் பெரிய நிறுவனத்து ஒயின்களை வாங்கு என்று சொல்வார்கள். ஆரம்பத்துக்கு அது சரி. ஆனால் அடிப்படை பிடிபட்டதும், சொந்தத் தோட்டத்துத் திராட்சையை வைத்துக் கொஞ்சமாகச் செய்கிறவர்களின் ஒயினுக்கு வந்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அங்கே லேபிளில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு மனப்பாடமாக விடை சொல்ல முடியாது, ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் செய்வதே வேறு வேறு மாதிரி இருக்கும், அதனால் வாயில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து மட்டுமே முடிவுக்கு வந்தாக வேண்டும். சுவைத் தேர்வு எதிர்பார்ப்பதும் அந்தப் பழக்கத்தைத்தான்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தேர்வு 2 மணி நேரம், 50 கொள்குறி வினாக்கள், அதோடு எழுதி விளக்க வேண்டிய 4 வினாக்கள். சுவைத் தேர்வு 30 நிமிடம், பெயர் தெரியாத 2 ஒயின்கள். இரண்டிலும் தனித்தனியாக 55% வேண்டும், ஒன்றில் அள்ளிக்கொண்டு இன்னொன்றை ஈடுகட்ட வழியில்லை.

சுவைக்கும்போது வாசனைப் பட்டியலில் மூழ்கிவிடாதீர்கள். செர்ரியா பிளம்மா என்று பத்து நிமிடம் யோசிப்பவர்கள், புளிப்பு எவ்வளவு, டானின் (திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்பு) எவ்வளவு என்பதை ஒரு வினாடியில் எழுதித் தள்ளிவிடுகிறார்கள். மதிப்பெண் கணக்கை விடுங்கள், தரம், முதிர்வு, உணவு என்று பிறகு வரும் எல்லா முடிவும் இந்த அளவுகளின் மேல்தான் நிற்கிறது. புளிப்பை அளக்க, ஒயினைத் துப்பியதும் தலையைக் கொஞ்சம் குனிந்து எச்சில் எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று பாருங்கள். டானின் என்றால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் காய்ந்து இழுக்கும். ஆல்கஹால் தொண்டையில் சூடாகத் தெரியும்; பாடத்திட்டக் கணக்கில் 11 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 14-ம் அதற்கு மேலும் அதிகம். ஓர் இளம் மோசல் ரீஸ்லிங்கையும் (ஜெர்மனியின் வெள்ளை ஒயின்) ஒரு பரோலோவையும் (இத்தாலியின் சிவப்பு ஒயின்) அடுத்தடுத்து வைத்துப் பழகினால், புளிப்பும் டானினும் வேறு வேறு சங்கதி என்பது நாக்குக்கே தெரிந்துவிடும். மோசலில் புளிப்பு மட்டும், பரோலோவில் இரண்டுமே தூக்கல்.

சிறு தயாரிப்பாளர் ஒயினில் கூடுதலாக ஒரு பயிற்சி கிடைக்கிறது: எது பாணி, எது கெட்டுப்போனது என்று பிரித்தறிவது. வடிகட்டாத ஒயின் கலங்கலாக இருக்கலாம், அது குறையல்ல. நனைந்த அட்டை வாசனையும் பழச்சுவை அமுங்கிப்போனதும் சேர்ந்தால் அது தக்கையால் வந்த கேடு. நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல மூக்கில் ஏறினால் ஆவியாகும் அமிலம் அதிகம். குதிரை லாயம் போல வாசனை அடித்தால் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்டின் வேலை. லேசாக இருந்தால் சிலருக்குப் பிடிக்கும், பழத்தை மூடிவிட்டால் யாருக்கும் பிடிக்காது. தீக்குச்சி கிழித்த வாசனை வந்தால் கிளாஸை நன்றாகச் சுழற்றிக் கொஞ்ச நேரம் விடுங்கள், பல சமயம் போய்விடும்.

இதில் ஏமாற்றக்கூடியது ‘எலி வாசனை’ என்று சொல்லப்படுவது, கெடாமல் காக்கும் கந்தகம் சேர்க்காத ஒயின்களில்தான் அதிகம் தென்படும். கிளாஸை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. துப்பிவிட்டுச் சில வினாடிகள் காத்திருந்தால் வாய்க்குள் பழைய அரிசியும் எலிக்கூண்டும் கலந்தாற்போல் எழும். ஒயினின் புளிப்பு அந்த மூலக்கூறுகளைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது, எச்சில் அந்தப் புளிப்பைக் குறைத்ததும்தான் அவை ஆவியாகி மூக்குக்கு வருகின்றன. அதனால் எந்த ஒயினையும் துப்பிய கையோடு எழுத ஆரம்பிக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம் முதிர்வு. இந்த ஒயினை வைத்திருக்கலாமா என்ற கேள்விக்குப் பலர் ‘சிவப்பு ஒயின், டானின் இருக்கிறது, அதனால் வைக்கலாம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது. வைக்க வேண்டுமென்றால் இரண்டு கேள்விக்கும் ஆம் வர வேண்டும்: காலத்தைத் தாங்கும் கட்டமைப்பு, அதாவது புளிப்போ டானினோ சர்க்கரையோ இருக்கிறதா? காய்ந்த பழம், காளான், தேன், தோல் என்று மாறுவதற்கு வேண்டிய அளவு பழச்செறிவு இருக்கிறதா? டானின் முரடாக இருந்து பழம் மெல்லிசாக இருந்தால், காத்திருக்கக் காத்திருக்க பழம்தான் முதலில் போகும். அப்படியொரு ஒயினுக்கு ‘வைக்க ஏற்றதல்ல’ என்று தைரியமாக எழுதுங்கள், காரணத்தையும் சேர்த்து.

டானினே இல்லாமல் பல பத்தாண்டு தாங்கும் வெள்ளை ஒயின்களும் உண்டு. பிரான்சின் லுவாரில், வூவ்ரே பகுதியில் ஷெனின் பிளாங்க் என்ற திராட்சையில் செய்யும் ஒயின் புளிப்பை வைத்தே நிற்கும். பிரான்சின் பொஜோலே பகுதிச் சிவப்பு ஒயின் என்றாலே உடனே குடிக்க வேண்டியது என்று நினைப்பவர்கள், அங்கே உள்ள 10 குரூக்களில் (தனிப்பெயர் பெற்ற உயர்தரப் பகுதிகளில்) ஒன்றான மோர்கோனில் ஒரு நல்ல தோட்டக்காரர் கமே திராட்சையில் செய்த ஒயினைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். பிரான்சின் ஜூரா பகுதியில் செய்யும் வேன் ஜோன் என்ற வெள்ளை ஒயின் இன்னும் விசேஷம். பீப்பாயில் குறைவதை நிரப்பாமல், மேலே ஈஸ்ட் ஏடு படிய விட்டு, அறுவடையிலிருந்து 6 ஆண்டு 3 மாதம் கழித்தே 62 சென்டிலிட்டர் பாட்டிலில் வெளியே வருகிறது. அதில் வரும் வால்நட் வாசனையைப் பழுது என்று எழுதிவிடக் கூடாது.

ஒயினை விற்பனைக்கு விடும் முன் எத்தனை மாதம் முதிர வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதையும் மனதில் வையுங்கள், எழுத்துத் தேர்வுக்கு உதவும்: பரோலோவுக்குக் குறைந்தது 38 மாதம், அதில் 18 மரத்தில்; அதன் பக்கத்துப் பகுதியின் பார்பரெஸ்கோவுக்கு 26, மரத்தில் 9; ஆண்டு போடாத ஷாம்பெயினுக்கு 15 மாதம். ஷாம்பெயின் லேபிளின் ஓரத்தில் சின்னதாக ஆர்எம் என்று இருந்தால், திராட்சை வளர்த்தவரே செய்தது என்று பொருள். பிரான்சின் பர்கண்டியில் குளோ த வூஜோ என்ற ஒரே தோட்டம், சுமார் 50 ஹெக்டேர், ஏறத்தாழ 80 பேருக்குச் சொந்தம். தயாரிப்பாளர் யார் என்பது ஏன் முக்கியம் என்று கேட்டால் இந்த ஒரு உதாரணம் போதும்.

வீட்டில் பாட்டிலை வைத்துப் பார்க்க நினைத்தால் 10 முதல் 15 டிகிரி வரை, ஏறி இறங்காத வெப்பநிலை, வெளிச்சம் படாத இடம், தக்கை நனையும்படி படுக்கவைத்து. அது முடியாது என்றால், கந்தகம் குறைவாகப் போட்ட ஒயின்களைச் சேர்த்து வைக்கவே வேண்டாம், அவை வெப்பத்தைத் தாங்காது.

உணவுப் பொருத்தத்தில் ஜோடிகளை மனப்பாடம் செய்வது வீண் வேலை. ஒரு துண்டு எலுமிச்சை, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒயினில் ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரையை நாக்கில் வைத்து, மறுபடி குடியுங்கள்: அதே ஒயின் சட்டென்று புளித்து, கசந்து, பழம் காணாமல் போயிருக்கும். இப்போது உப்பு, பிறகு எலுமிச்சை: ஒயின் மிருதுவாகி, பழம் தூக்கலாகத் தெரியும். உமாமி, அதாவது காளானில் இருக்கும் அந்தச் சுவை, சர்க்கரை செய்வதையே செய்யும். காரம், ஆல்கஹால் அதிகமுள்ள ஒயினோடு சேர்ந்தால் இன்னும் எரியும். இதை ஒரு மாலையில் செய்துவிட்டால், எந்த உணவைக் கேட்டாலும் நீங்களே காரணத்தோடு எழுதிவிடலாம். இனிப்புப் பதார்த்தம் என்றால் ஒயின் அதைவிட இனிப்பாக இருக்க வேண்டும். டானின் அதிகமான இளம் நெபியோலோவை (பரோலோ செய்யும் திராட்சையின் ஒயினை) உப்பில்லாத காளான் உணவோடு வைத்தால் வாய் வறண்டுபோகும், உணவில் உப்பைக் கூட்டினால் சமாளிக்கலாம். முதிர்ந்த, மென்மையான ஒயினுக்குச் சுவை அடங்கிய உணவு கொடுங்கள், இல்லாவிட்டால் இத்தனை வருடம் காத்திருந்து வந்த வாசனை எல்லாம் உணவுக்கடியில் போய்விடும்.

தேர்வு நாளில் காலையில் காபி வேண்டாம், பல் துலக்கிச் சில மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். கட்டாயம் துப்புங்கள். ஒரு ஒயினுக்கு 15 நிமிடம் என்று வைத்து, அதில் கடைசி 4 நிமிடத்தைத் தரத்துக்கும் முதிர்வுக்கும் ஒதுக்கிவிடுங்கள். தரத்துக்குச் சமநிலை, நீடிப்பு, செறிவு, பலதரப்பட்ட வாசனை என்ற நான்கையும் தொட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம் எழுத வேண்டும், வெறுமனே ‘மிக நன்று’ என்று மட்டும் எழுதினால் காரணத்துக்கான மதிப்பெண் போய்விடும். மேலே புளிப்பு அதிகம் என்று எழுதிவிட்டுக் கீழே கட்டமைப்பு இல்லை, வைக்க முடியாது என்று முரண்பட்டு எழுதியிருக்கிறீர்களா என்று தாளைக் கொடுக்கும் முன் ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள்.