தலைகளை எண்ணும் வேலை

எங்கள் வீட்டில் ஆட்களை எண்ணக் கூடாது. பந்தி போடும்போது "மொத்தம் எத்தனை பேர்?" என்று யாராவது கேட்டுவிட்டால் ஆயா முகத்தைச் சுளிப்பாள். மீனை எண்ணலாம், கூடையை எண்ணலாம், கடனை எண்ணித்தான் ஆக வேண்டும். மனிதர்களை எண்ணினால் ஒன்று குறைந்துவிடும் என்பது அவள் கணக்கு. கடலுக்குப் போனவர்கள் திரும்பும் நேரத்தில் காசிமேட்டுக் கரையில் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்பாள். கட்டுமரம் கண்ணில் பட்டதும் ஆளைத்தான் சொல்வாள். இது உன் நைனா, இது சின்னவன், இது எதிர்வீட்டுக்காரன். பாயில் போட்டிருந்த ஒட்டுத் துணியை வைத்தும், துடுப்புப் போடுபவனின் முதுகு வளைவை வைத்தும் அவளுக்குத் தெரிந்துவிடும். எத்தனை மரம் வந்தது என்று கேட்டால் பதில் வராது.

அந்த வீட்டிலிருந்து போன எனக்கு வாய்த்த வேலை, சுற்றுலாப் பயணிகளின் தலைகளை எண்ணுவது. 2014 முதல் 2019 வரை, மொரீஷியஸ் தீவின் வடக்கே கிராண்ட் பே என்ற ஊரில், ஒரு கேட்டமரான் படகில் அந்த வேலையைச் செய்தேன். காலை ஒன்பதரைக்குப் புறப்படும் விருந்துப் படகு அது. ஸ்நோர்கெலிங் (முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது), தீவில் குளியல், சுட்ட கோழி, சுட்ட மீன், ரம், சேகா என்ற அந்தத் தீவின் பாட்டு, ஆட்டம் எல்லாம் முடிந்து மாலை நான்கு மணிக்குக் கரை திரும்பும்.

கேட்டமரான் என்ற சொல் எங்கள் கட்டுமரத்திலிருந்து போனது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். படகில் ஏறுகிற பத்துப் பேரில் ஒருவராவது இதை எனக்கே சொல்லித் தருவார். நானும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வேன். 1697இல் அச்சான தன் பயணக் குறிப்புகளில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையின் மரங்களை இந்தப் பெயரில் எழுதிவைத்தார். பிறகு அந்தப் பெயர் எப்படியோ பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டைப் படகுகளில் போய் ஒட்டிக்கொண்டது. நான் வேலை செய்த படகில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. இரண்டு ஒல்லியான பைபர் படகுகளைப் பக்கம் பக்கமாக வைத்து மேலே ஒரு திண்ணை போட்டால் எப்படியோ அப்படி இருக்கும். அகலம் அதிகம் என்பதால் பாய் விரித்தாலும் அவ்வளவாகச் சாயாது, கோப்பையில் ரம் தளும்பாது. விருந்துக்கு அதைவிட வேறு தகுதி தேவையில்லை. முன்பக்கம் இரண்டு உடல்களுக்கும் நடுவே வலை கட்டியிருக்கும். அதில் வெள்ளைக்காரர்கள் வெயிலில் மல்லாந்து கிடப்பார்கள். நானும் சிறு வயதிலிருந்து வலை பிடித்தவன்தான். பணம் கொடுத்து வலையில் விழுகிறவர்களை அங்கேதான் பார்த்தேன்.

நைனாவின் மரம் வேறு வகை. நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. அலை மேலே ஏறினால் கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும், முழுகடிக்க அதில் பள்ளமே கிடையாது. கரை சேர்ந்ததும் கட்டைகளை அவிழ்த்துக் காயப்போட வேண்டும். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் பைபர் படகுகள் வந்து குவிந்தன, மரங்கள் குறைந்தன. நான் விசைப்படகுக்குப் போனேன். அப்போதெல்லாம் ஏப்ரல், மே மாதங்களில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் வலை பின்னுவது, சும்மா இருப்பது, வட்டிக்கு வாங்குவது. அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் வெளிநாட்டுப் படகு வேலை என்ற பேச்சு வந்தது.

அதற்காகக் கடல் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனேன். தீயணைப்பு, முதலுதவி, உயிர்காப்பு என்று வகுப்புகள். நீச்சல் குளத்தில் இறங்கச் சொன்னபோது பயிற்சியாளர் சிரித்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவைத்துக்கொண்டுதான் நீந்துவோம். அலை எங்கிருந்து வருகிறது, மரம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கிறவன் எங்கள் கணக்கில் முட்டாள். ஆனால் புது வேலையோ நாள் முழுக்க முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொல்லித் தருவது!

முதல் நாள் கேப்டன் என்னைச் சமையலறைப் படிக்கட்டில் உட்காரவைத்து ஒரே ஒரு சம்பவத்தைச் சொன்னார். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதி முக்குளிக்கப் போனார்கள். படகு அவர்களை விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட்டது. தலை எண்ணிக்கை தவறாக எடுக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய பை படகிலேயே கிடந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தார்கள். தேடிப் போனபோது ஆட்கள் கிடைக்கவில்லை. "இந்தப் படகில் நீ என்ன வேண்டுமானாலும் மறக்கலாம், உப்பு போட மறக்கலாம். எண்ண மட்டும் மறக்காதே" என்றார். ஏறும்போது எண்ண வேண்டும், தண்ணீரில் இருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ண வேண்டும், ஏறிய பிறகு எண்ண வேண்டும். எண்ணும்போதெல்லாம் உள்ளுக்குள் ஆயா முகத்தைச் சுளித்தாள்.

ஸ்நோர்கெலிங் என்பது கேட்பதற்கு எளிது. கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ள ஒரு குழாய், காலில் துடுப்புக் காலணி. கண்ணாடிக்குள் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவினால் பனி படியாது. புதுமணத் தம்பதிகள் இதற்கே முகம் கோணுவார்கள். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் பலமாக ஒரே ஊதாக ஊத வேண்டும். காலணி மாட்டியவர் பின்பக்கமாக நடக்க வேண்டும். பவளத்தின் மேல் நிற்கக் கூடாது. பார்க்கத்தான் கல், அது உயிர். இவ்வளவுதான் பாடம். ஆனால் மூக்கை மூடிக்கொண்டு வாயால் மூச்சுவிடு என்றால் உடம்பு கேட்பதில்லை. முதல்முறை நானே இடுப்பளவுத் தண்ணீரில் திணறி எழுந்து கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தேன். வங்கக் கடலில் நாலு நாள் தங்கி மீன் பிடித்தவன், குழந்தைகள் குளிக்கிற இடத்தில் பயந்தேன். அந்தப் பயம் பிற்பாடு எனக்கு நிறைய உதவியது. எதிரே நிற்பவரின் மூச்சு எப்போது சிதறும் என்பது அவருக்கு முன்பாக எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் முறை உள்ளே பார்த்தேன். நவரை மீன் ஒன்று தாடையின் கீழிருக்கும் இரண்டு மீசைகளால் மணலைக் கிளறிக்கொண்டு போனது. ஏலக் கூடத்தில் ஆயிரக்கணக்கில் நவரையை அள்ளிப் போட்டிருக்கிறேன், அந்த மீசை எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் நறநறவென்று கேட்டது. ஐஸ்பெட்டியில் பார்த்த நிறமெல்லாம் மீனுடைய நிறமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றி வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோது அண்ணன் கேட்டது, "கிலோ என்ன விலை?"

படகில் வேலை செய்த மற்ற மூவரும் அந்தத் தீவுக்காரர்கள். ஒருவர் பெயரில் முழுத் தமிழ் இருந்தது, வாயில் அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் மட்டும்தான். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார். அன்றைக்கு அங்கே அரசு விடுமுறை. அவர்களுடைய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். முதல் சம்பளத்தில் ஒரு நோட்டைச் செலவழிக்காமல் எடுத்துவைத்தேன்.

இந்தியத் தம்பதிகள் நிறைய வருவார்கள். கை நிறைய வளையலும் மருதாணியுமாக லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்கும் பெண்களுக்கு, அவர்களுடைய கணவர்களைவிடத் துணிச்சல் அதிகம். சென்னைக்காரர்கள் என்றால் ஐந்தாவது நிமிடத்தில் கேள்வி வந்துவிடும்: "சென்னையில் எங்கே?" சிலரிடம் ராயபுரம் என்பேன். காசிமேடு என்றால் முகத்தில் ஒன்று மாறும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நாங்கள் பார்த்திருக்கிறோம். அண்ணா நகரிலிருந்து வந்த ஒருவர் மட்டும் அதைக் கேட்டதும் உற்சாகமாகி, "நம் காசிமேட்டுத் தம்பி இருக்கும்போது பயம் எதற்கு?" என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்தார். அடுத்த நிமிடம் என் கழுத்தைப் பிடித்துத் தொங்கினார். கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. முழுகுகிறவர்கள் அநேகமாகச் சத்தம் போடுவதில்லை. மூச்சு வாங்கவே வாய்க்கு நேரம் போதாதபோது கூப்பிட எங்கே நேரம்? ஆட்டம் பாட்டம் நடக்கிற படகில் நான் தேடியது சத்தத்தை அல்ல, யார் திடீரென்று அமைதியானார் என்பதைத்தான்.

சாப்பாட்டுக்கு நிற்பது கேப்ரியல் தீவில். வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், விளம்பரப் படத்தில் வருகிற இடம். 1856இல், கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களைக் காலராவுக்குப் பயந்து நகரத்துக்குள் விடாமல் இந்தத் தீவில் இறக்கிவிட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் இங்கேயே செத்துப்போனார்கள். அதே வருடம்தான் எங்கள் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. மொரீஷியஸுக்கு வந்து சேர்ந்த கூலிகள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதுவது அக்காலத்து வழக்கம். இதையெல்லாம் காவடி எடுக்கும் அந்த நண்பர் கோழி சுட்டுக்கொண்டே எனக்குச் சொன்னார். பயணிகளுக்குச் சொல்வதில்லை. சுற்றுலா வந்தவர்கள் தட்டோடு நிற்கும்போது எப்படிச் சொல்வது?

மூன்றாவது வருடம் ஆகஸ்டில் அது நடந்தது. அந்த மாதங்களில் தென்கிழக்குக் காற்று பலமாக இருக்கும். மொத்தம் 34 பேர். எங்களுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று படகுகள் மிதவையில் கட்டியிருந்தன. முக்கால் மணி நேரம் தண்ணீரில் இருந்துவிட்டு எல்லோரும் ஏறினார்கள். எண்ணினேன், 34. கேப்டனுக்குக் கட்டைவிரலைக் காட்டினேன். ரம் வெளியே வந்தது, பாட்டு ஏறியது.

துடுப்புக் காலணிகளைக் கூடையில் அடுக்கும்போது ஒரு ஜோடி குறைந்தது. ஒற்றை தொலைவது வழக்கம், காலிலிருந்து நழுவி ஆழத்துக்குப் போய்விடும். ஜோடியாகத் தொலைந்தால் அது யாருடைய காலிலோ இருக்கிறது. மறுபடி எண்ணினேன், 34. மூன்றாம் முறை எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முன்வலையில் சிவப்புக் கால்சட்டையோடு ஓர் இளைஞன். அவனுக்குக் காலையில் நான் கண்ணாடி மாட்டிவிடவில்லை. பக்கத்துப் படகுக்காரன், எங்கள் பாட்டு நன்றாக இருக்கிறது என்று நீந்தி வந்து ஏறியிருக்கிறான்.

அப்படியானால் எங்களவர் ஒருவர் தண்ணீரில். யார்? இடது பக்க மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த அம்மா, அறுபது வயது இருக்கும், ஆமை பார்க்க முடியுமா என்று இரண்டு முறை கேட்டவர். முகம் நினைவுக்கு வந்தது, உரக்கக் கூப்பிடப் பெயர் வரவில்லை. நான் கேட்டிருக்கவே இல்லை.

சிறு படகை இறக்கினோம். எந்தப் பக்கம் போவது என்று கேப்டன் என்னைப் பார்த்தார். நீரோட்டத்தை எங்கள் பக்கம் வெள்ளம் என்போம்; வடக்கேயிருந்து வந்தால் வன்னி, தெற்கேயிருந்து வந்தால் தெண்டி. பிள்ளைகளுக்குத் துடுப்புக்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தருவார்கள். மிதவைக் கயிறு சாய்ந்திருந்த பக்கத்தைக் கை காட்டினேன். தீவின் முனையைத் தாண்டியதும், அதற்கும் பக்கத்துத் தீவுக்கும் நடுவே தண்ணீர் இழுக்கிற கால்வாய் தொடங்கும் இடத்தில், மஞ்சள் லைஃப் ஜாக்கெட் தெரிந்தது. முகம் தண்ணீருக்குள். அசைவில்லை. அந்த இருநூறு அடியை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. கையைத் தொட்டதும் தலையைத் தூக்கி, குழாயை எடுத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "ஆமையைப் பார்த்தேன்" என்றார். படகு எங்கே இருக்கிறது என்று அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

அவருக்கு அன்று நல்ல நாள். போகும்போது எனக்குத் தாராளமாகப் பணம் கொடுத்தார். அதை வாங்கியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கேப்டன் திட்டவில்லை, கரை சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை, அது போதுமாயிருந்தது. இரவு ஆயாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "பேரைக் கேட்காமல் எப்படிடா கூட்டிக்கொண்டு போனாய்?" என்றாள்.

மறுநாளிலிருந்து பெயர்ப் பட்டியல் கொண்டுவந்தேன். எண்ணுவதை விடவில்லை, எண்ணிய பிறகு பெயரும் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டோம். கேப்டன் முதலில் முனகினார். போலந்துக்காரர்களின் பெயர்கள் எங்கள் இருவர் வாயிலும் நுழையவில்லை. ஆறு நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. முதலாளிக்கு அந்த ஆறு நிமிடமும் பிடிக்கவில்லை. பயணிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலக் கையைத் தூக்கிச் சிரித்தார்கள். தவறாகக் கூப்பிட்டால் திருத்தினார்கள். பிறகு அவர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். யாராவது கண்ணில் படாவிட்டால் எனக்கு முன்பாக அவர்களே கேட்டார்கள்.

2019 இறுதியில் ஊருக்குத் திரும்ப முடிவு செய்தேன். ஆயாவுக்கு உடம்பு முடியவில்லை, அண்ணன் படகுக்கு ஆள் வேண்டியிருந்தது. கடைசிப் பயணத்தன்று பட்டியலைக் கேப்டனே வாங்கிக்கொண்டார். நான் பின்பக்கம் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன். எல்லாப் பெயர்களும் முடிந்த பிறகு, தாளின் அடியில் பேனாவால் எழுதியிருந்த ஒரு பெயரைக் கூப்பிட்டார். ஐந்து வருடமாகச் சொல்வதுபோலவே ழகரத்தை லகரமாக்கிச் சொன்னார். என் பெயர்தான் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அவர் மறுபடி கூப்பிட்டார். இஞ்சின் சாவியில் கையை வைத்துக்கொண்டு, திருப்பாமல், பின்பக்கம் பார்த்தபடி நின்றார்.

"மோ லா" என்றேன். கிரியோலில் இருக்கிறேன் என்று அர்த்தம்.